நெடுந்தூர ஓட்டமும் ஓடிய பின் உடலுக்கு வேண்டிய உணவும்

டுரியான் துங்கால் என்றதும் மலாக்கா மக்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அங்குள்ள நீர்த்தேக்கம். 1991ஆம் ஆண்டின் வறட்சியில் அந்த நீர்த்தேக்கம் வற்றிப்போயிற்று. மாநிலம் முழுவதும் நீர்ப் பங்கீடு நடைமுறைக்கு வந்தது. வாளியும் குடமுமாக மக்கள் வரிசையில் நின்றார்கள். குழாயைத் திறந்தால் நீர் வரும் என்று இருந்தவர்களுக்கு, குழாய்க்குப் பின்னால் ஒரு கையிருப்பு உண்டு, அது குறையவும் கூடும் என்பது அன்றுதான் விளங்கிற்று.

மனித உடலிலும் அத்தகைய கையிருப்பு ஒன்று உண்டு. நெடுந்தூரம் ஓடுவோர் அதனை இறைத்துக்கொண்டே ஓடுகிறார்கள். இறைத்ததை மீண்டும் நிரப்பும் முறையை அறியாதவர் இரண்டாம் நாள் சோர்வடைகிறார், இரண்டாம் வாரம் ஓட்டத்தையே கைவிடுகிறார். பள்ளிக் குறுக்கோட்டப் போட்டியன்று காலையில் எதுவும் உண்ணாமல் வந்து, முடிவுக் கோட்டிற்கு அருகில் தலைசுற்றி அமர்ந்துவிடும் மாணவரை நம்மில் பலரும் கண்டிருக்கிறோம். “அவனுக்குத் தெம்பு இல்லை” என்று எளிதாகக் கூறிவிடுகிறோம். உண்மையில் அவனிடம் குறைந்திருப்பது திறமையன்று. முறையான பயிற்சியும் வேளையறிந்த உணவுமே ஆகும். இவ்விரண்டையும் பற்றி, டுரியான் துங்கால் வட்டாரத் தோட்டங்களிலும் தாமான்களிலும் வாழும் குடும்பங்கள் தங்கள் வீட்டு அளவில் பயன்படுத்திக்கொள்ளும் வகையில், இக்கட்டுரை விளக்குகிறது.

நம்மவரும் ஓட்டக்களமும்

ஓட்டக்களம் நம் மக்களுக்குப் புதியதன்று. 1966ஆம் ஆண்டு பேங்காக்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மு. இராஜாமணி மகளிர் 400 மீட்டர் ஓட்டத்தில் தங்கப்பதக்கம் வென்றார். 1985ஆம் ஆண்டு ஜக்கார்த்தாவில் நடந்த ஆசியத் திடல்தடப் போட்டியில் பி. இராஜ்குமார் 800 மீட்டரை 1 நிமிடம் 47.37 விநாடியில் ஓடி முதலிடம் பெற்றார். 1990களில் எம். இராமச்சந்திரன் 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ஆகிய நெடுந்தூர ஓட்டங்களில் தேசியச் சாதனைகளை ஏற்படுத்தினார். தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டத்தைச் சேர்ந்த கோ. இலட்சுமணன் 2017ஆம் ஆண்டு புவனேசுவரத்தில் நடைபெற்ற ஆசியப் போட்டியில் 5,000, 10,000 மீட்டர் இரண்டிலும் தங்கம் பெற்றார்.

நெடுந்தூர ஓட்டம் செல்வருக்கு மட்டும் உரிய விளையாட்டு அன்று. அதற்குத் திடலும் வேண்டியதில்லை, விலையுயர்ந்த கருவியும் வேண்டியதில்லை. செம்பனைக் காட்டின் செம்மண் சாலையே போதுமானது. நியூசிலாந்து நாட்டின் ஆர்தர் லிடியார்ட் காலணித் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர். தாமே ஓடி ஓடிக் கண்டறிந்த முறையைத் தம் சுற்றுப்புறத்து இளைஞர்களுக்குக் கற்பித்தார். 1960ஆம் ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக்கில் அவருடைய மாணவர்களான பீட்டர் சினெல் 800 மீட்டரிலும் மரே ஹால்பர்க் 5,000 மீட்டரிலும் ஒரே நாளில் தங்கம் வென்றனர். ஒரு தொழிலாளியின் விடாமுயற்சி உலகின் பயிற்சி முறையையே மாற்றியது.

மெதுவாக ஓடுவதே அடிப்படை

லிடியார்ட் கற்பித்த முதல் பாடம், வேகத்தைத் தேடுமுன் தாங்குதிறனைத் தேட வேண்டும் என்பதாகும். புதிதாகத் தொடங்கும் இளைஞர் செய்யும் முதற்பிழை, ஒவ்வொரு நாளும் போட்டி நாளைப் போலவே ஓடுவதுதான். ஒரு வாரத்தில் முழங்காலும் கணுக்காலும் வலிக்கின்றன. பிறகு ஓட்டம் நின்றுவிடுகிறது.

வேகம் சரியா என்று அறியக் கருவி தேவையில்லை. ஓடிக்கொண்டே உடன் வரும் நண்பருடன் முழு வாக்கியமாகப் பேச முடிந்தால் அது மெதுவோட்டம். ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு என்று திணறினால் அது வேக ஓட்டம். வாரத்தில் ஓடும் நேரத்தின் பெரும்பகுதி, ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு, முதல் வகையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும்.

மெதுவோட்டத்தால் விளையும் நன்மை என்ன? இதயம் ஒரு துடிப்பில் மிகுதியான இரத்தத்தை வெளியேற்றப் பழகுகிறது. தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. உடல் கொழுப்பை எரித்து, மாவுச்சத்தைச் சேமித்து வைக்கக் கற்றுக்கொள்கிறது. மூச்சும் இதயமும் சில வாரங்களில் தேறிவிடும். ஆனால் தசைநாரும் எலும்பும் உறுதிப்படப் பல மாதங்கள் ஆகும். “மூச்சு வாங்கவில்லையே” என்று தூரத்தைத் திடீரென இரட்டிப்பாக்குபவர் காலில் அடிபடுவதற்கு இதுவே காரணம்.

எட்டு வாரத் திட்டம்

உடல்நலமுள்ள பதின்ம வயது மாணவரும், இதுவரை ஓடாத இளம் தொழிலாளரும் பின்பற்றத்தக்க எளிய திட்டம் இது:

1, 2ஆம் வாரங்கள்: வாரத்தில் 3 நாள். முதலில் 5 நிமிடம் விரைந்த நடை. பின்பு 2 நிமிட மெதுவோட்டம், 2 நிமிட நடை என மாறி மாறி 20 நிமிடம்.

3, 4ஆம் வாரங்கள்: வாரத்தில் 3 நாள். 20 முதல் 25 நிமிடம் தொடர்ந்த மெதுவோட்டம். இயலாதபோது இடையில் நடக்கலாம். அதில் இழுக்கு இல்லை.

5, 6ஆம் வாரங்கள்: வாரத்தில் 4 நாள். மூன்று நாள் 25 நிமிடம்; ஒரு நாள் மட்டும் நீண்ட ஓட்டம். ஐந்தாம் வாரம் 30 முதல் 35 நிமிடம், ஆறாம் வாரம் 40 நிமிடம்.

7ஆம் வாரம்: வாரத்தில் 4 நாள். நீண்ட ஓட்டம் 45 நிமிடம். வேறொரு நாளில் 1 நிமிடம் வேகமாகவும் 2 நிமிடம் மெதுவாகவும் 6 முறை ஓட வேண்டும்.

8ஆம் வாரம்: ஓடும் நேரத்தைப் பாதியாகக் குறைத்து உடலுக்கு ஓய்வு தர வேண்டும். வார இறுதியில் போட்டி.

நம் நாட்டு வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை எளிதில் உலர்வதில்லை; வியர்வை உலராவிட்டால் உடல் குளிர்வதுமில்லை. வெயிலில் ஓட உடல் பழகுவதற்குப் 10 முதல் 14 நாட்கள் வேண்டும். ஆகவே விடியற்காலையோ மாலை வெயில் தணிந்த பின்போ ஓடுவது நலம். இருள் பிரியாத வேளையில் வெளிர்நிற உடை அணிந்து, எதிரே வரும் லாரிகளைக் காணும்படி சாலையின் வலப்புறமாக ஓட வேண்டும்.

உழைக்கும் உடலுக்குத் தனிக் கணக்கு

மேசை முன் அமர்ந்து பணிபுரிபவருக்கும், காலை முதல் செம்பனைக் குலை அறுத்துச் சுமப்பவருக்கும் ஒரே திட்டம் பொருந்தாது. குலை வெட்டுபவரும் பால் வெட்டுபவரும் தம் நாளைத் தொடங்கும்போதே உடற்பயிற்சியையும் தொடங்கிவிடுகின்றனர். அவர்கள் கடும் வேலை நாளன்று ஓட்டத்தைக் குறைத்து, ஓய்வு நாளில் நீண்ட ஓட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டும். வேலையில் இழந்த வியர்வையை ஈடுசெய்யாமல் மாலையில் ஓடப் புறப்படுவது கூடாது.

டுரியான் துங்காலிலிருந்து தொழிற்சாலைகளுக்குச் சென்று முறைவேலை பார்ப்போர் பலர். இரவு வேலை முடித்து வந்தவர் முதலில் உறங்க வேண்டும், ஓட்டம் பிறகுதான். உறக்கத்தில்தான் தசைகள் தம்மைச் சீர்படுத்திக்கொள்கின்றன. உறக்கத்தைத் திருடி ஓடும் ஓட்டம் பயன் தராது.

உடலின் நீர்த்தேக்கம்

சோறு, ரொட்டி, கிழங்கு, பழம் ஆகியவற்றிலுள்ள மாவுச்சத்து சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அன்றாடத் தேவை போக எஞ்சியதில் ஒரு பகுதி, கிளைக்கோஜன் என்னும் பொருளாகத் தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படுகிறது. வளர்ந்த ஒருவரின் தசைகளில் ஏறத்தாழ 300 முதல் 500 கிராமும், கல்லீரலில் ஏறத்தாழ 100 கிராமும் இருக்கும். நாம் மேலே கூறிய கையிருப்பு இதுவே. இடைவிடாத கடும் ஓட்டத்தில் ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்தில் இது பெரிதும் தீர்ந்துவிடுகிறது. 42.195 கிலோமீட்டர் மாரத்தான் ஓட்டத்தில் இறுதிப் பகுதியில் பலருடைய கால்கள் கல்லாய்க் கனப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்தக் கையிருப்பைப் பற்றிய தெளிவு 1966ஆம் ஆண்டு சுவீடன் நாட்டில் பிறந்தது. யோனாஸ் பெர்க்சுட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்னும் இரு மருத்துவர்கள் தங்கள் உடலையே ஆய்வுக்கூடமாக்கினர். ஒரே மிதிவண்டியின் இரு பக்கமும் அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு காலால் மட்டும் களைத்துப்போகும் வரை மிதித்தனர். மறு காலுக்கு ஓய்வு தந்தனர். பின்னர் மூன்று நாட்கள் மாவுச்சத்து மிகுந்த உணவை உண்டு, ஊசியால் தசைத் துணுக்கை எடுத்துச் சோதித்தனர். உழைத்த காலின் கிளைக்கோஜன், ஓய்ந்திருந்த காலைவிட ஏறத்தாழ இருமடங்காக உயர்ந்திருந்தது. இருவரும் உண்டது ஒரே உணவு, உடலும் ஒன்றே. உழைத்த தசை மட்டுமே சத்தை ஆவலுடன் இழுத்துக்கொண்டது. பயிற்சியும் உணவும் ஒன்றையொன்று நம்பியிருப்பவை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

ஓடுவதற்கு முன்

இரவு முழுவதும் உறங்கும்போது மூளைக்கு வேண்டிய சர்க்கரையைக் கல்லீரலின் கையிருப்பே தருகிறது. ஆதலால் காலையில் எழும்போது அது குறைந்திருக்கும். அந்நிலையில் வெறும் வயிற்றுடன் போட்டியில் ஓடும் பிள்ளைக்குத் தலை சுற்றுவது வியப்பன்று. போட்டிக்கு இரண்டு அல்லது மூன்று மணி நேரத்திற்கு முன் இட்லி, இடியப்பம், ரொட்டி, கஞ்சி போன்ற எளிதில் செரிக்கும் உணவைத் தர வேண்டும். நேரமில்லையேல் அரைமணிக்கு முன் ஒரு வாழைப்பழமும் சிறிது நீரும் போதும். தேங்காய்ப்பாலும் எண்ணெயும் மிகுந்த நாசி லெமாக்கைப் போட்டிக்கு முன் உண்பது வயிற்றைக் கனக்கச் செய்யும். அதனை ஓட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம்.

ஓடிய பின்: நீர், மாவு, புரதம்

முதலில் நீர். ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் கணக்குத் தெளிவாகும். 1 கிலோ குறைந்திருந்தால், அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றே கால் முதல் ஒன்றரை லிட்டர் வரை சிறிது சிறிதாகப் பருக வேண்டும். எடைக்கருவி இல்லாதோர் சிறுநீரின் நிறத்தைக் கவனிக்கலாம். அது வெளிர்மஞ்சளாகும் வரை பருகுதல் வேண்டும். வியர்வையில் உப்பும் வெளியேறுவதால், உப்பிட்ட மோரும் இரசமும் கஞ்சியும் வெறும் நீரைவிட நன்கு உடலில் தங்கும். இளநீரில் பொட்டாசியம் மிகுதி, உப்புச்சத்து குறைவு. எனவே அதனை உணவுடன் சேர்த்துப் பருகுவது சிறப்பு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. நீர் நல்லது என்பதற்காக, தாகமில்லாமலே குடம் குடமாகப் பருகுவது ஆபத்து. இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்து மயக்கமும் வலிப்பும் உண்டாகலாம். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களிடம் நடத்திய ஆய்வில், சோதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 13 பேருக்கு இரத்த உப்பு குறைந்திருந்தது தெரியவந்தது.

அடுத்தது மாவுச்சத்து. நீண்ட ஓட்டத்திற்குப் பின் முதல் சில மணி நேரத்தில் தசைகள் சர்க்கரையை விரைந்து ஏற்கின்றன. உடல் எடையில் 1 கிலோவுக்கு 1 கிராம் மாவுச்சத்து என்பது எளிய கணக்கு. 50 கிலோ எடையுள்ளவருக்கு 50 கிராம் போதும். ஒரு கோப்பைச் சோற்றில் ஏறத்தாழ 45 கிராமும், நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 27 கிராமும் உள்ளன. முற்றிலும் தீர்ந்த கையிருப்பு நிரம்ப ஏறத்தாழ ஒரு நாள் ஆகும். ஆகவே அன்றைய மற்ற வேளை உணவுகளையும் தவறவிடலாகாது.

மூன்றாவது புரதம். தேய்ந்த தசையைச் சீராக்குவது இது. கிலோவுக்கு 0.3 கிராம், அதாவது 50 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு வேளைக்கு 15 கிராம் அளவு போதும். ஒரு முட்டையில் ஏறத்தாழ 6 கிராமும், ஒரு குவளைப் பாலில் 8 கிராமும், 100 கிராம் வேகவைத்த கொண்டைக்கடலையில் 9 கிராமும், 100 கிராம் தெம்பேயில் ஏறத்தாழ 19 கிராமும் புரதம் உண்டு.

நம் சமையலறையே போதும்

வண்ணத் தாள் ஒட்டிய டின்களில் விற்கப்படும் புரத மாவு இல்லாமல் ஓட்டக்காரராக முடியாது என்று சிலர் எண்ணிக் குடும்பப் பணத்தைச் செலவிடுகின்றனர். கீழ்க்காணும் எளிய உணவுகளில் வேண்டியவை யாவும் உள்ளன:

ஒரு கோப்பைச் சோறு, கெட்டிப் பருப்பு, இரண்டு அவித்த முட்டை.

மூன்று இட்லி, சாம்பார், ஒரு குவளைப் பால்.

சோறு, டின் சார்டின் குழம்பு, கீரைப் பொரியல்.

இரண்டு வாழைப்பழம், ஒரு கிண்ணம் கடலைச் சுண்டல், உப்பிட்ட மோர்.

சோறு, பொரித்த தெம்பே, இரசம்.

ஓடும் பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். வளரும் பருவத்தில் மாதவிலக்கும் கடும் பயிற்சியும் சேரும்போது இரும்புச்சத்து குறைந்து இரத்தசோகை ஏற்படலாம். விரைவில் களைப்பதைச் சோம்பல் என்று கடிந்துகொள்ளாமல், மருந்தகத்தில் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்க வேண்டும். கீரை, ஈரல், நெத்திலி, பயறு ஆகியவற்றுடன் எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உடலில் சேரும். உணவுடன் தேநீர் பருகினால் அது குறையும். ஆதலால் தேநீரை ஒரு மணி நேரம் கழித்துப் பருகுவது நல்லது.

ஓட்டம் முடிந்ததும் நண்பர்களுடன் மதுக்கடைக்குச் செல்லும் பழக்கம் சிலரிடம் உண்டு. மது நீரிழப்பை ஈடுசெய்யத் தடையாவதுடன் தசைகள் சீராவதையும் தாமதப்படுத்துகிறது. காலையில் ஈட்டியதை மாலையில் இழப்பானேன்?

இனிப்பும் நீரிழிவும்

மலேசிய இந்தியரிடையே நீரிழிவு நோய் மிகுதி என்பதை நாட்டின் உடல்நல ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன. ஓட்டமும் விரைந்த நடையும் அந்நோயைத் தடுக்கவும் கட்டுப்படுத்தவும் உதவும் அரிய துணைகள். ஆனால் “ஓடினேன், இனி எதையும் உண்ணலாம்” என்ற எண்ணம் அந்த நன்மையை அழித்துவிடும்.

கணக்கைப் பாருங்கள். ஓடும்போது, உடல் எடையில் 1 கிலோவுக்கு ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 கலோரி செலவாகிறது. 60 கிலோ எடையுள்ளவர் 3 கிலோமீட்டர் ஓடினால் 180 கலோரி. ஒரு ரொட்டி சானாயும் ஒரு குவளை இனிப்புத் தே தாரேக்கும் அதைவிட மிகுதியாகத் தந்துவிடும். ஆகவே, குறுகிய குறுக்கோட்டத்திற்கும் அரைமணி மெதுவோட்டத்திற்கும் தனி உணவு தேவையில்லை. நீரும் வழக்கமான அடுத்த வேளை உணவுமே போதும். மேலே கூறிய அளவுகள் ஒரு மணி நேரத்திற்கு மேல் ஓடுவோருக்கும், அடுத்த நாளே மீண்டும் கடுமையாக ஓட வேண்டியவர்களுக்கும் உரியவை.

நீரிழிவுக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர் ஓட்டத்தைத் தொடங்குமுன் மருத்துவரைக் கலந்துகொள்ள வேண்டும். ஓடும்போது சர்க்கரை திடீரெனத் தாழக்கூடும். நாற்பது வயதைக் கடந்தவர்களும், நெஞ்சு வலியோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களும் அவ்வாறே செய்ய வேண்டும்.

உயிர் காக்கும் அறிகுறிகள்

ஓடுபவர் தள்ளாடினாலும், தொடர்பின்றிப் பேசினாலும், உடல் நெருப்பாய்க் கொதித்தாலும் அது வெப்பத் தாக்கமாக இருக்கலாம். உடல் வெப்பம் 40 பாகையைக் கடந்தால் மூளையும் சிறுநீரகமும் கெடும், உயிருக்கே ஆபத்து. “சற்று உட்கார்ந்தால் சரியாகிவிடும்” என்று காத்திருத்தல் ஆகாது. உடனே நிழலுக்குக் கொண்டு சென்று, தடித்த உடையைக் களைந்து, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி விசிற வேண்டும். பெரிய தொட்டியோ பீப்பாயோ இருந்தால் கழுத்தளவு குளிர்நீரில் அமர்த்துவது மிகச் சிறந்தது. கூடவே 999 எண்ணுக்கு அழைக்க வேண்டும். முதலில் குளிரச் செய்தல், பிறகு மருத்துவமனை என்பதே இன்றைய மருத்துவ முறை. நினைவிழந்தவரின் வாயில் நீர் ஊற்றக் கூடாது. காய்ச்சல் உள்ள நாளில் எவரையும் ஓடவிடக் கூடாது. போட்டி நடத்துவோர் ஒரு பீப்பாய் நீரும் பனிக்கட்டியும் முடிவுக் கோட்டருகே வைத்திருந்தால் ஓர் உயிரைக் காக்கலாம்.

பெற்றோரே! உங்கள் பிள்ளை நாளை தேசிய வீரராவதும் ஆகாததும் வேறு செய்தி. குறுக்கோட்ட நாளன்று அதிகாலையில் எழுந்து அவனுக்கோ அவளுக்கோ இரண்டு இட்லியும் ஒரு பழமும் தருவது இன்றே உங்கள் கையில் உள்ளது. இளைஞர்களே! ஓடிய பின் சோற்றுத் தட்டின் முன் அமர்வதும் பயிற்சியின் ஒரு பகுதியே. 1991இல் வற்றிய நீர்த்தேக்கத்திற்கு மழை வரும்வரை மலாக்கா மக்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. உடலின் கையிருப்பை நிரப்ப மழைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுப்பிலுள்ள சோறும் பருப்புமே போதும்.